சங்குமேடு: பெயர்க் காரணம்

படிவத்தில் ஏழாவது கட்டம்:
பெயர்க் காரணம், நாற்பது சொற்களுக்குள்.
மற்ற நிலையங்களுக்கெல்லாம் எழுதி முடித்தாயிற்று.
பாக்கி இது ஒன்று.
கோயமுத்தூரில் தரைக்குக் கீழே
பத்தொன்பது மீட்டரில் ஒரு மேடு.
பேக்கரியில் சொன்னால் சிரிக்கிறார்கள்.

பெருமாள் கோயில் அறங்காவலர்
லெட்டர்பேடில் எழுதியிருந்தார்:
கிணறு வெட்டும்போது வலம்புரி கிடைத்ததாம்,
அதை வைத்துப் பூசித்த இடம் மேடானதாம்.
சங்கு இப்போது எங்கே என்று கேட்டெழுதினேன்.
பதிலுக்கு உறையில் கொஞ்சம் துளசி வந்தது.

மண் ஆய்வு அறிக்கையைப் புரட்டினேன்.
மூன்று மீட்டர் செம்மண்,
கொஞ்சம் சுக்காங்கல்,
அப்புறம் பாறை, பாறை,
துளைக்கும் எந்திரத்துக்குப் பதினாறு பல் போன பாறை.
கடல் எட்டிப் பார்த்த சுவடே இல்லை.
பின்னிணைப்பில் மட்டக் கணக்கு:
கிழக்கே நானூற்றுப் பதினொன்று
மேற்கே நானூற்றுப் பதினொன்று.
சர்வேயர் நஞ்சப்பன் ஓரத்தில்
பென்சிலால் கேட்டிருந்தார்:
"மேடு எங்கய்யா?"

சங்கு என்றால் இந்த ஊரில் ஒன்றா?
பச்சைப்பிள்ளைக்குப் பால் புகட்டுவது ஒன்று.
பாடைக்கு முன்னால் ஊதிக்கொண்டு போவது ஒன்று.
நடுவில் கிடக்கும் வருஷங்களுக்கெல்லாம்
மில்லில் ஊதுவது.

இதை எழுதிக் கோப்பில் வைத்தேன்.
"எந்த மில்?" என்று சிவப்பு மையில் திரும்பி வந்தது.
மில் இருந்த இடத்தில்
இப்போது மூன்று பிளாக் அடுக்ககம், ஒரு கண் ஆஸ்பத்திரி.
லாக்கவுட் போட்ட வருஷமே
சங்குக்குச் சங்கு ஊதியாகிவிட்டது.

பேப்பரில் கருத்துக் கேட்டு விளம்பரம் கொடுத்தோம்.
நாற்பது நாள் கழித்து ஓர் அஞ்சலட்டை:

"ஐயா, சங்கு எங்க மில்லு சங்குதானுங்.
தண்ணி டேங்க்கு மேல இருந்துச்சு.
அஞ்சே முக்காலுக்கு ஒண்ணு, ஆறுக்கு ஒண்ணு.
ரெண்டாவது ஊதி நிக்கறதுக்குள்ள கேட்டத் தாண்டோணும்.
தாண்டுலீன்னா அரை நாள் சம்பளம் போச்சுங்.
மேடுன்னு அங்க ஒண்ணுமே இல்லீங்.
ஒரு கையில தூக்குப்போசி, ஒரு கையில சீலைக் கொசவம்,
சங்குச் சத்தத்துக்குப் பின்னால ஓடிப் பாருங்.
சமதரையும் மேடுதானுங்.

கருணாம்பிகை, ரீலிங், டிக்கெட் நம்பர் 1174.
பதில் வேண்டாமுங்."

முப்பத்தெட்டுச் சொற்களில் எழுதிக் கொடுத்தேன்.
என் ஆயுளில் ஒழுங்காக எழுதியது அதுதான் என்று நினைக்கிறேன்.
கூட்டத்தில் யாரோ கொட்டாவி விட்டார்கள்.
கலைப்பிரிவு அதற்குள்
நீல ஓடுகளுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டிருந்தது.
வலம்புரியே வென்றது.

பன்னிரண்டடி உயரத்தில் சுவரெல்லாம் சங்கு.
ஒட்டியவர் படத்தைத் திருப்பிப் பிடித்துவிட்டார் போல,
இடம்புரியாக நிற்கிறது.
அறங்காவலர் அதற்கும் ஒரு மனு அனுப்பியிருக்கிறார்.
அது வேறு கோப்பு.

திறந்த மூன்றாம் வாரம்
நகரும் படிக்கட்டு நகராமல் நின்றது.
லிஃப்டுக்கு முன்னால் வரிசை வளைந்து கிடந்தது.
நானும் அன்றைக்கு அங்கே இறங்கினேன்,
நூற்றுப் பன்னிரண்டு படி, எண்ணிக்கொண்டே ஏறினேன்.
எனக்கு முன்னால் ஒரு பெண்,
கழுத்தில் அடையாள அட்டை,
தோளில் சாப்பாட்டுப் பை,
காதில் போன்:
"வந்துட்டேனுங் சார், ஏறிட்டே இருக்கறன்,
ஒம்போதுக்குள்ள விரல் வெச்சர்றனுங்,
அரை நாள் மட்டும் போட்றாதீங் சார்..."

பாதியில் நின்றாள்.
நீலச் சங்கின் மேல் கை ஊன்றி
இரண்டு மூச்சு வாங்கினாள்.
பிறகு சுடிதாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
இரண்டிரண்டு படியாக ஓடினாள்.

பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்தேன்.
எழுத்துப்பிழை ஏதும் இல்லை.