பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை

மூக்கு வழியே குழாய் இறங்கியதிலிருந்து
பேர்ணாம்பட்டு முனவ்வர் பாய் பேசவில்லை.
கால் மணிக்கொரு தரம்
அவர் இரைப்பையைக் கொஞ்சம் உறிஞ்சி எடுக்கிறேன்.
வெறும் வயிற்று அமிலம்;
இளஞ்சிவப்பு காட்டுவதற்குள்
பத்து மில்லி காரத்தைக் குடித்துவிடுகிறது.

பத்தரை.
இரட்டைக் குழாயின் மறுவாய் வழியே
முன்சிறுகுடலுக்கு நாற்பது மில்லி கடலையெண்ணெய்.
இதைத்தானே டாக்டர் தொடாதே என்றார்,
கண்ணாலேயே கேட்கிறார்.

பதினொன்று. ஆறு மில்லி.
பதினொன்றே கால். நான்கு.
கீழிருந்து மேலே ஆள் போயிருக்கிறது
நரம்பு ஏறாமல்
ரத்தத்தில் கரைந்து.
காலையில் பஸ்ஸிலிருந்து பார்த்த பாலாறு
மணலாகத்தான் கிடந்தது,
ஊற்றுத் தோண்டிய இடத்தில் மட்டும் ஈரம்.

"கொழுப்புடி உனக்கு" என்று
என்னைத் திட்டாத டீச்சர் காட்பாடியில் இல்லை.
இங்கே அது வந்ததும்
அடுப்பைத் தணிக்கிறார்கள்,
இரைப்பையின் கதவு
நிதானமாகச் சாத்துகிறது,
பித்தப்பை மட்டும் தன்னைப் பிழிந்துகொள்கிறது.

குழாயை உருவினேன்.
மூக்கோரம் ஒரு சொட்டு ரத்தம்.
துடைத்துக்கொண்டே முதல் பேச்சு:
"ஆம்பூர் கல்யாணத்துல பகல்ல தின்னா
ராவு வரைக்கும் பசிக்காதே, ஏம்மா,
அது இதானா?"

இதுதான் பாய்.

"அப்போ ஞாயித்துக்கெழம போலாமா?"

பன்னிரண்டே கால், மூன்று மில்லி
என்று எழுதிக்கொண்டிருந்தேன்.