சாசூன் டாக்கில் ஓர் அருவி

இரவு ஒன்றரைக்கு
ஐஸ் ஃபேக்டரியின் பின்வாசலில்
எங்களை எண்ணிப் பார்க்கிறார் வழிகாட்டி லோப்சாங்.
ஆறு பேர்.
ஒரு பல் டாக்டர். புதிதாய்க் கல்யாணமான இருவர்.
மார்ச்சில் ஓய்வு பெறப்போகும் வங்கி மேலாளர்.
யாரோடும் பேசாத ஒரு பையன்.
அப்புறம் நான்,
செம்பூரில் நாலு கம்பெனிக்கு ஜி.எஸ்.டி. கணக்கு எழுதுகிறவள்.

ஜனவரியில் ஸ்பிதியில்
உறைந்த அருவி ஏறப்போகிறோம்.
பனியாற்றின் மேல் இரண்டு நாள் நடை,
பனிக்குகையில் ஒரு மதியம்.
பணம் கட்டியாயிற்று.
அதற்கு முன் ஒரு தடவையாவது
கோடரி பிடித்துப் பழகிவிடுங்கள் என்கிறார் லோப்சாங்.
மும்பையில் எங்கே போவது?
இங்கேதான்.

இறால் நாற்றம். டீசல். ஈரச் சாக்கு.
மூக்குக்குள் ஊசியாய் அம்மோனியா.
தகர அச்சுகளிலிருந்து வழுக்கி வருகின்றன
நூற்றைம்பது கிலோப் பாளங்கள்,
ஒவ்வொன்றின் நடுவிலும் வெள்ளையாய் ஒரு நரம்பு.
மூன்றடுக்கு நிறுத்தி
மேலே இரும்பு உத்தரத்தில் கயிறு கட்டினால்
அதுதான் எங்கள் அருவி.

அடுக்கியவர் சுயம்பு. சாத்தான்குளம் பக்கமாம்.
என் பூட்ஸில் கட்டிய இரும்பு முட்களைப் பார்த்து
"இது எவ்வளவு தங்கச்சி?" என்றார்.
வாடகையை மட்டும் சொன்னேன்.
பயணத்தின் மொத்தத் தொகையைச் சொல்ல
வாய் வரவில்லை.
"நாங்க வழுக்காம இருக்கச் சாக்கு கட்டிக்கிடுவோம்.
அதுக்கு யாரும் காசு கேக்கல."

முதல் வெட்டில் சில்லுகள் கன்னத்தில் தெறித்தன.
இரண்டாவது நின்றது.
கையால் ஏறாதே, கீழிருந்து இந்தியில் லோப்சாங்,
காலை நம்பு.

முப்பத்தெட்டு வருடத்தில் முதல்முறையாக
ஒருவர் என்னிடம் இதைச் சொல்கிறார்.
குர்லாவில் வண்டி மாற ஓடி ஓடியே
குதிகால் தேய்ந்த கால்.
எங்கே போனாலும் என்னைத்
தாமதமாகவே கொண்டுசேர்த்த கால்.
உதைத்தேன்.
பிடித்துக்கொண்டது.

உச்சியில் என்ன தெரிந்தது என்று
பிறகு அலுவலகத்தில் கேட்டார்கள்.
உத்தரத்தின் மேல்
யாரோ மறந்துபோன சோப்பு டப்பா.
அதற்குள் பாதிச் சோப்பு.

இறங்கியதும் "பிரமாதம், மலைக்காரி மாதிரி" என்றார் லோப்சாங்.
"அண்ணன் உங்களுக்கு ஐஸ் வைக்கிறாரு" என்றார் சுயம்பு.
அதை இந்தியில் விளக்கப் போய்
தோற்றுப்போனேன்.

உங்கள் மொழியில் இதற்கு என்ன பெயர்?
பனி.
வானிலிருந்து விழுவதற்கு?
பனி.
காலையில் புல்மேல் இருக்குமே?
அதுவும் பனி. மார்கழியில் மூக்கை அடைப்பதும்.
லோப்சாங் சிரிக்கவில்லை.
எங்கள் பக்கம் காலை வைக்குமுன்
அது எது என்று தெரிந்தாக வேண்டும், என்றார்.
மேலே மெத்தென்று, அடியில் பள்ளம்: அதற்கொரு பேர்.
நீலமாய், நேற்று விரிசல் விட்டது: அதற்கொரு பேர்.
பேரை மாற்றிச் சொன்னவனை
வசந்தத்தில்தான் கண்டெடுப்போம்.

"இங்க ரெண்டே ரெண்டுதான்," என்றார் சுயம்பு.
"கெட்டி ஐஸ். உதிரி ஐஸ்."

நாலு மணிக்குச் சங்கு ஊதியது.
கயிற்றை அவிழ்க்கச் சொன்னார்கள்.
எங்கள் அருவி
என் கோடரி ஓட்டைகளோடு
அரவை எந்திரத்துக்குள் போயிற்று.
"இன்னும் ஒரு போட்டோகூட எடுக்கலையே"
என்றாள் புதுப்பெண்.
குழாய் வழியே படகின் வயிற்றுக்குள்
கொட்டிக்கொண்டிருந்தது உதிரி ஐஸ்.
பன்னிரண்டு நாள் கடலில் இருக்குமாம்.
வாவல் கிடைத்தால் அதன் மேல்.
கிடைக்காவிட்டால் சும்மா உருகும்.

சி.எஸ்.எம்.டி.யில் முதல் லோக்கல்.
முழங்கையில் வலி இப்போதுதான் ஆரம்பிக்கிறது.
யாரோ ஒருவரின் மீன்கூடை சொட்டி
வாசலருகே தரை ஈரமாய் மினுங்குகிறது.

ஏறும் முன்
நின்று பார்த்தேன்,
எது என்று.
பின்னாலிருந்து ஒருத்தி தள்ளினாள்.