வலது கீழ் மூலை

நவம்பரில் போன சூரியன்
ஜனவரி கடைசியில்தான் திரும்பும்.
அதுவரை ஹாமர்ஃபெஸ்டில் பகல் என்பது
கடிகாரம் கிளப்பிவிடும் வதந்தி.
பன்னிரண்டு மணிக்கு வானம் கொஞ்சம் நீலம் பூசிக்கொள்ளும்,
ஒரு மணிக்கு அதையும் கழுவிவிடும்.

இந்த ஊரில் படமெடுக்க
இரண்டே வழி என்றார் கடைக்கார ஸ்டைனார்.
ஃபிளாஷ் போட்டு எல்லோரையும் திடுக்கிட வைக்கலாம்.
பெரிய வாயுள்ள லென்ஸ் வாங்கிக் கடனாளியாகலாம்.
மூன்று இரவுக்கு இரண்டு லென்ஸ்களைக் கையில் கொடுத்தார்,
கையெழுத்தை வாங்கிக்கொண்டு.

பெரியது ஒன்று புள்ளி ஒன்று.
முகப்புக் கண்ணாடி காபிக் கோப்பை அகலம்.
மீன் இறங்குதுறையில் எடை போடுவது என் வேலை,
அந்தத் தராசிலேயே வைத்துப் பார்த்தேன்:
ஐநூற்று எழுபது கிராம்.
இந்த எடைக்கு மீனென்றால் திரும்பக் கடலில் விடச் சொல்வேன்.

சின்னது ஒன்றரை.
வயது அறுபத்தெட்டு.
உள்ளே லேசாகப் புகை படிந்திருக்கிறது.
முழுக்கத் திறந்தால் குவியம் மூக்கில் நிற்கும்,
கொஞ்சம் மூடினால் காதுக்குப் போய்விடும்.
சொன்ன இடத்தில் நிற்காத வேலையாள்.
ஆனால் பையில் இருப்பதே தெரியாது.

இரண்டுக்கும் நடுவே
ஏறக்குறைய ஒரு படி வெளிச்சம்.
பதினைந்தில் ஒரு வினாடிக்கும்
முப்பதில் ஒரு வினாடிக்கும் உள்ள தூரம்,
கை நடுங்குவதற்குப் போதுமான தூரம்.
அதைக் கடக்க
பதினோராயிரம் க்ரோன் அதிகம்.

முதல் இரவு தங்கை வீட்டில் சாப்பாடு.
மேஜைமேல் ஒரே விளக்கு, அவித்த காட் மீன்.
நடுக்கடலில் இன்ஜின் நின்ற கதையை
எயிலிஃப் நான்காம் முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.
பெரியதை மாட்டிக் கண்ணில் வைத்தேன்.
மஞ்சள் சதுரத்துக்குள் இரண்டு எயிலிஃப்.
வளையத்தைத் திருப்பத் திருப்ப
ஒருவன் மற்றவனுக்குள் போய் உட்கார்ந்தான்.
இமைமுடி மட்டும் கூர்மை,
காதுக்குள் அது கரைந்துவிட்டது.

ஒரு தொல்லை இந்தப் பெரியதில்.
பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் தோள் மாதிரி
காட்சிச் சன்னலின் வலது கீழ் மூலையில்
வந்து சாய்ந்துகொள்கிறது.
போகட்டும், மூலைதானே.
அழுத்தினேன்.

இரண்டாம் இரவு, மிச்ச மீனுக்கு,
சின்னதோடு போனேன்.
விளக்கைச் சுற்றி ஒளி கசிந்தது.
முகங்களில் மாவு தூவியதுபோல் ஒரு மென்மை.
சொல்லும்படி ஒன்றுமில்லை.

மூன்றாம் இரவு குளியலறையில் கழுவி
ஷவர் கம்பியில் தொங்கவிட்டேன் ஃபிலிமை.
உருப்பெருக்கியை வைத்து ஒவ்வொன்றாக வந்தேன்.
எயிலிஃப் வாய்கொள்ளாமல் சிரிக்கிறான்.
இமைமுடியை எண்ணலாம்.
மூலையில்,
லென்ஸின் தோள் மறைத்திருந்த அதே மூலையில்,
அவன் பிடியிலிருந்து
ரன்வெய்க் கையை உருவிக்கொண்டிருக்கிறாள்.
நான்கு விரல் வெளியே வந்துவிட்டது.
கட்டைவிரல் இன்னும் உள்ளே.
கலங்கல்தான்.
உருவிக்கொள்ளும் கைக்குக் கூர்மை எதற்கு?

சின்னதை மாட்டியிருந்தால்
பார்த்திருப்பேன்.
பார்த்ததும் கேமராவை இறக்கிவைத்து
உப்பு கேட்டிருப்பேன்.
அந்தப் படம் இருந்திருக்காது.

இதையே தராசில் வைத்துக்கொண்டு
விடியாத காலைவரை உட்கார்ந்திருந்தேன்.

சின்னது, என்றேன் ஸ்டைனாரிடம்.
இருட்டு மாதங்கள் நீளம், என்றார்,
எல்லோரும் பெரியதைத்தான் கேட்கிறார்கள்,
வேண்டுமானால் மூடியோடு தருகிறேன்.
மூலை தெரியணும், என்றேன்.
என்னை ஒரு மாதிரி பார்த்தார்.
உள்ளே புகை இருப்பதற்காக
இருநூறு க்ரோன் குறைத்துக்கொண்டார்.

ஞாயிறு ரன்வெய்க் கூப்பிட்டாள்.
படமெல்லாம் எப்படி வந்தது?
நன்றாக வந்திருக்கிறது,
ஒன்று மட்டும் கொஞ்சம் ஆடிவிட்டது, என்றேன்.
எது என்று அவள் கேட்கவில்லை.
அவள் பக்கத்தில்
குழாய்த் தண்ணீர்
வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.