ஏழாம் நாளுக்குப் பிறகு

செங்காட்டுப்புதூரில் ஏழு நாள் முகாம்.
முதல் நாள் பேனர் கட்டினோம்.
இரண்டாம் நாள் தெருக் கூட்டினோம்.
விளக்குமாற்றோடு நாற்பது பேர்
ஒரே வரிசையில் நின்று படம் எடுக்க
எங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

கிழக்கு வளவில் சரசாள் குறுக்கே நின்றார்.
நூல் மில்லில் இரவு முறை முடித்த கண்.
கொண்டையில் இன்னும் பஞ்சு.
"ஒறம்பரை வந்து ஊடு கூட்டுவாங்களாக்கும்?
வெளக்குமாத்த அக்கட்டால வெச்சுப்போட்டு
ஒருக்கா அந்தக் கொழாயத் தொறந்து பாருங்க கண்ணு."

மௌனிகா திறந்தாள்.
குழாய் இருமியது.
காற்று வந்தது. பிறகு
ஒரு கட்டெறும்பு வந்தது.

மூன்றாம் நாள் நிரலில்
'தலைமைப் பண்பு வளர்த்தல்'.
கோவையிலிருந்து வந்தவர் ஒரு பந்தை வீசினார்,
பிடித்தவர் தலைவராம்.
நாங்கள் ஆறு பேர் அதற்குப் போகவில்லை.
மேல்நிலைத் தொட்டியிலிருந்து குழாய் போகும் வழியைக்
காலடியால் அளந்துகொண்டிருந்தோம்.

சத்துணவுக் கூடத்து வாசலில்
கோலமாவில் ஊரை வரைந்தோம்.
வேப்பமரத்தடியில் ஒரு வால்வு.
அதற்கு இந்தப் பக்கம் இரண்டு மணி நேரம் தண்ணீர்.
அந்தப் பக்கம் பதினோரு நிமிடம்.
"சாவி யாருகிட்ட?" என்றேன்.
பிரணேஷ் கையிலிருந்த மாவைத் தட்டினான்.
"எங்க மாமனூட்டுல."
அன்றிரவு அவன் சாப்பிடவில்லை.
சாப்பிட்டும் இருக்கலாம்,
நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

திட்ட அலுவலர் கூப்பிட்டுச் சொன்னார்:
"நல்லது செய்ய வந்திருக்கிறோம், வம்பு செய்ய அல்ல."
அதில் பாதி உண்மை.
எந்தப் பாதி என்று
இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஏழாம் நாள் சான்றிதழ்.
என் பெயரில் ஓர் ஒற்றுப் பிழை.

எட்டாம் நாள் யாரும் கூப்பிடவில்லை.
பெருந்துறையிலிருந்து இரண்டு பஸ் மாறி
ஞாயிறுதோறும் போனோம்.
நாற்பது பேர் ஆறானோம், ஆறு நாலானது.
நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தோம்.
தண்ணீர் வரும் நேரம், நிற்கும் நேரம்.
சரசாளின் மகள் தமிழரசி, ஆறாம் வகுப்பு,
ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில்
மூன்று மணி நேரம் நின்று
ஒரு மனு எண் வாங்கினோம்.
பரீட்சை எண்ணை விட
அதுதான் இப்போதும் மனப்பாடமாக இருக்கிறது.

மார்ச் இருபத்திரண்டு, கிராமசபை.
"நீங்க இந்த ஊரு ஓட்டா?" என்றார் ஒருவர்.
இல்லை.
"அப்பப் பேசப்படாதுங்க."
பேச்சுப்போட்டியில் மூன்று கோப்பை வாங்கிய மௌனிகா
வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.
அத்தனை கஷ்டமான வேலையை
அவள் அதுவரை செய்ததில்லை.

ஜமுக்காளத்துக்கு வெளியே நின்ற கிழக்கு வளவிலிருந்து
நோட்டோடு எழுந்து வந்தது சரசாளின் குரல்.
"பிப்ரவரி மூணு, ஒம்பது நிமிஷம்.
நாலு, வல்லே.
அஞ்சு, வல்லே.
ஆறு, பதினொண்ணு. சேறு."
ஊர் சிரிக்கப் பார்த்தது.
அவர் அடுத்த பக்கம் திருப்பினார்.
இன்னும் பல பக்கங்கள் இருந்தன.

நடுவில் எங்கோ
பிரணேஷ் நாற்காலியை விட்டு எழுந்து
அவர்கள் நின்ற வெயிலில் போய் நின்றான்.
மாமன் பார்த்தார்.
இவன் செல்போனைப் பார்த்தான்.
ஆனாலும் அங்கேயேதான் நின்றான்.

தீர்மானம் எழுதச் செயலர்
பென்சிலை எடுத்தார்.
நான் பேனாவை நீட்டினேன்.
என் தலைமைப் பண்பு
மொத்தமே அவ்வளவுதான்.

இப்போது இருபத்தாறு நிமிடம் வருகிறது.
போதாது.
சாவி பஞ்சாயத்து அலுவலகத்து ஆணியில் தொங்குகிறது,
தொங்குகிறதா என்று பார்க்க
ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

போன ஞாயிறு பஸ்ஸைத் தவறவிட்டுப் போய்ச் சேர்ந்தோம்.
"ஏனுங்க, வெயில் ஏறி எந்நேரமாச்சு?" என்று
சரசாள் சத்தம் போட்டபடி
என் கையில் ஒரு குடத்தைத் திணித்தார்.
சட்டை நனைந்தது.

நோட்டை வாங்கிப் பார்த்தேன்.
தண்ணீருக்கு இட்ட கோட்டுக்குக் கீழே
தமிழரசி புதிதாக ஒரு கோடு இழுத்திருந்தாள்:

காலேஜ் அக்கா அண்ணன்கள்,
நாற்பது நிமிஷம் லேட்.