விதைப்பூண்டு

கவுஞ்சிக்குக் கடைசி பஸ்ஸில் வந்தார் அவர்.
வெள்ளைக் கம்பளிச் சால்வை.
பக்கத்து மன்னவனூரில் ஆட்டுப்பண்ணை இருக்கிறது,
கம்பளி எங்களுக்குப் புதிதில்லை.
அதனால்தானோ என்னவோ
ஒருத்தியும் அதைத் தொட்டுப் பார்க்கவில்லை.

மூன்று நாள் கூட்டம்.
கிழங்கு தோண்டிய காட்டில் தகரப் பந்தல்,
ஜெனரேட்டர், கீபோர்டு.
பனி இறங்கி மைக்கை நனைத்தது,
அவர் குரல் மட்டும் நனையவில்லை.

இரண்டாம் இரவு என் பெயரைச் சொன்னார்.
'ஞானப்பூ, உன் இடது முழங்காலை
ஆண்டவர் எனக்குக் காட்டுகிறார்.'
ஆடிப்போனேன்.
கேரட் கழுவிய மூன்று நாள் கூலியைப்
பெட்டியில் போட்டுவிட்டு
நொண்டாமல் வீடு வரை நடந்தேன்.

வெந்நீர் வைக்கும்போதுதான் ஞாபகம் வந்தது
அந்த மஞ்சள் அட்டை.
முதல் நாள் வாசலில் ஒரு பையன் நீட்டினான்:
பெயர், ஊர், வியாதி.
நானேதான் எழுதியிருந்தேன், நீல மையில்,
'இடது' என்பதை அடிக்கோடிட்டு.

யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம்.

மூன்றாம் இரவு விதையைப் பற்றிப் பேசினார்.
பூண்டுக்காரர்களிடம்
விதையைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?
எல்லோரும் தலையாட்டினோம்.
விதைக் காணிக்கை, நூறு மடங்கு,
கடனெல்லாம் பூம்பாறை வளைவில் உருண்டு போகும்.
வேதத்தைத் திறந்து
ஒரு வசனத்தில் பாதியை வாசித்தார்,
படக்கென்று மூடினார்.
என் மடியிலும் அதே பக்கம்.
அவர் சொன்னதற்கு நேர் எதிரே
நின்றுகொண்டிருந்தது அடுத்த வரி,
வாசிக்க ஆளில்லாமல்.

எழுந்திருக்க வேண்டியவள் நான்.
கீபோர்டு சத்தமாக இருந்தது.

விடிந்ததும் எஸ்தாக்கி, எங்கள் மேல்காட்டுக்காரர்,
அடுப்புப் புகைக்கு மேலே
மாதக்கணக்கில் தொங்கிய விதைப்பூண்டை இறக்கினார்.
ஏழு மூட்டை.
வடுகபட்டி மண்டியில்
தின்கிற பூண்டு விலைக்குத் தள்ளிவிட்டு
பணத்தைக் கவரில் வைத்துக் கொடுத்தார்.
அவர் மனைவி ராயம்மாள்
சர்க்கரை ஊசியையும் நிறுத்தினாள்.
ஊசி போட்டால் விசுவாசக் குறைவாம்.

மண்டியில் வெளியூர்ச் சரக்கும்
மலைப்பூண்டு என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்,
எங்களுடையதைவிட வெள்ளையாய், பெரிசாய்.
சண்டை போடமாட்டோம்.
ஒரு பல்லை நகத்தால் கீறுவோம்.
ராத்திரி சோறு பிசையும்போதும்
விரலில் வாசம் நின்றால் அது எங்கள் மண்.
அவ்வளவுதான் சோதனை.
ஆனால் ராத்திரி வரைக்கும் பொறுக்க வேண்டும்.

செந்நாயாவது
வருவதற்கு முன்னால் விசிலடிக்கும்.

இரண்டாம் மாதம் ராயம்மாளை
ஜீப்பில் போட்டுக் கொடைக்கானலுக்குக் கொண்டுபோனோம்.
அவள் தலை என் மடியில்.
பிழைத்தாள். கால்விரல் இரண்டு போயிற்று.
சால்வைக்காரரின் நம்பர் உபயோகத்தில் இல்லை என்று
ஒரு பெண்குரல் திரும்பத் திரும்பப்
பொறுமையாகச் சொன்னது.
'என் விசுவாசம்தான் பத்தலை ஞானப்பூ,'
ஆஸ்பத்திரி வராந்தாவில் எஸ்தாக்கி சொன்னார்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.
பணத்தை எடுத்துக்கொண்டு
பழியை இவர் தலையில் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறான்.
அன்றைக்குத்தான் அவரை
அவன் என்று சொல்ல எனக்கு வாய் வந்தது.
மஞ்சள் அட்டையைப் பற்றியும் அன்றைக்குத்தான் சொன்னேன்.
எஸ்தாக்கி கேட்டாரா, தெரியாது.
சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடவுக்கு எங்கள் கட்டிலிருந்து
இரண்டு மூட்டை விதை இறக்கி
மேல்காட்டு வரப்பில் வைத்துவிட்டு வந்தேன்.
நூறு மடங்கு என்று எதுவும் சொல்லவில்லை.
மழை ஒத்துழைத்தால் ஆறோ, ஏழோ.

இப்போது புதன்கிழமை பெண்கள் கூட்டத்தில்
வசனத்தை விளக்குவது நான்.
குரல் நன்றாக இருக்கிறதாம்,
கேட்டால் அழுகை வருகிறதாம்.
எனக்குப் பயமாக இருக்கிறது.

போன வாரம் நடுவில்
மூச்சு வாங்கக் கொஞ்சம் நிறுத்தினேன்.
மர்த்தினாள்,
சேறு போகாத விரலைப் பக்கத்தில் ஓட்டிக்கொண்டே
நிமிராமல் சொன்னாள்:
'அக்கா, அடுத்த வரி.'