ஏழு பைட் வரப்பு

சம்பா அறுப்பு. நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
மில் வாசலிலிருந்து பெட்ரோல் பங்க் வரை நெல் லாரிகள்.
எடைமேடைக் கூண்டுக்குள்
நான், என் லேப்டாப், கழுத்து திரும்பாத ஒரு ஃபேன்,
இரண்டாயிரத்து மூன்றில் யாரோ எழுதி
மூலம் தராமல் போன ஒரு டி.எல்.எல்.
எழுதிய கம்பெனியின் நம்பருக்கு அடித்தால்
பேக்கரியில் எடுக்கிறார்கள்.

முதல் நாள்: ‘கோப்பின் வடிவம் தவறு.’
கோப்பில் தவறொன்றும் இல்லை.
அதன் வீடு முப்பத்திரண்டு பிட்.
அறுபத்துநான்கு பிட் உயரத்தில் நிமிர்ந்து நுழைந்தது நான்தான்.
நிலை தாழ்வென்றால்
குனிந்துதானே போக வேண்டும்?
குனிந்தேன்.

அடுத்த நாள்: ‘அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை.’
கூத்தாநல்லூரில் எங்கள் தெருவில்
ஹனீபா என்று விசாரித்தால் உதட்டைப் பிதுக்குவார்கள்.
‘பினாங்கு கடியாரம்’ என்றால்
கையைப் பிடித்து வாசலில் கொண்டுபோய் விடுவார்கள்.
இதற்கும் இருந்தது பட்டப்பெயர்:
முன்னால் ஒரு கேள்விக்குறி, நடுவில் இரண்டு அட் குறி,
பிறகு நீளமாய் ஒரு வால்.
முழுதாய் எழுதிக் கூப்பிட்டேன்.
வந்தது.

வந்து சொன்ன எடை
பூஜ்யம், புள்ளி, அப்புறம் முந்நூறு பூஜ்யம்.
பதினாலு டன்னோடு மேடையில் நின்ற ஆரோக்கியசாமி
ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்:
‘எலி தின்னது போக மிச்சமாம்மா இது?’

சீட்டின் பின்பக்கம் கோடு போட்டுப் பார்த்தேன்.
நிலைமைக்கு ஒரு பைட். எடைக்கு எட்டு.
பழையது இரண்டையும் ஒரே துண்டாய் உழுதிருக்கிறது.
என் மொழியோ என்னைக் கேளாமல்
நடுவே ஏழு பைட் அகலத்துக்கு வரப்பு போட்டு
அதற்கு அப்பால் போய்
யாரோ ஒருவர் தரிசில் அறுத்துக்கொண்டிருந்தது.
பேக் ஒன்று.
ஒரே வரியில் வரப்பை வெட்டினேன்.
14,320 என்றது திரை.
வைத்திலிங்கம் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

பதினேழாவது லாரியில் செத்தது.

‘தொடக்கூடாத நினைவகத்தைத் தொட முயற்சி.
மற்ற நினைவகமும் சிதைந்திருக்கலாம்.’
மறுபடி ஓட்டினால் நாற்பது நிமிஷம் உயிர்.
டீபக்கில் ஓட்டினால் சாவதே இல்லை,
டாக்டர் முன்னால் மட்டும் இருமாத நோயாளி மாதிரி.
வெளியே தார்ப்பாயை இழுத்துக் கட்டுகிறார்கள்.
பனி இறங்குகிறது. ஈரம் பதினேழைத் தாண்டினால்
நெல்லைத் திருப்பிவிடுவார்கள்.
யாரும் என்னிடம் கோபமாய்ப் பேசவில்லை.
அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

ராத்திரி இரண்டேகாலுக்குப் புரிந்தது.
‘எடை நின்றதும் இங்கே கூப்பிடு’ என்று
பழையதிடம் ஒரு முகவரி கொடுத்திருந்தேன்.
அது குறித்துவைத்துக்கொண்டது.
என் பக்கத்தில் கார்பேஜ் கலெக்டர் சுற்றி வந்து பார்த்தது:
இந்த வீட்டை யாரும் கேட்கவில்லை, யாரும் தேடவில்லை.
இடித்துவிட்டது.
எல்லைக்கு அந்தப் பக்கம் ஒருவர்
அதே முகவரியைச் சட்டைப்பையில் வைத்திருப்பது
அதன் கணக்கில் சேராது.
எடை நின்றது.
பழையது சொன்னபடி கூப்பிட்டது.
வெறும் மனையில் கால் வைத்து விழுந்தது.

மூன்று நாளாய் நான் திட்டியது
அதைத்தான்.

முகவரியைப் பிடித்துக்கொள்ள ஒரு ஸ்டாட்டிக் மாறி.
அதன் மேலே, அடுத்து வருபவருக்காக, ஒரு குறிப்பு:
‘பயனில்லாத வரி போலத் தெரியும். அழிக்காதீர்கள்.’

விடிவதற்குள் முப்பத்தொரு லாரி. சாகவில்லை.
‘இனிமே போகாதில்ல?’ என்றார் வைத்திலிங்கம்.
‘இது போகாது. வேற ஏதாவது போகும்’ என்றேன்.
சிரித்தபடி கடைசிச் சீட்டில் முத்திரை குத்தினார்.
ஆரோக்கியசாமி வண்டியைக் கிளப்பி
ரோட்டில் ஏற்றி
நிறுத்தினார்.

கேட் போட்டிருந்தார்கள்.
சரக்கு ரயில். என்ஜின் மாற்றுகிறார்களாம்.