ஹாரன் விழுந்த பதிவு

நாலு பெட்டிகள் கட்டில்மேல்.
மூன்று என்னுடையவை.
நாலாவது பாய லேபாரில் வாடகைக்கு எடுத்தது,
ஒரு நாளுக்கு நூற்றுப் பத்து வெள்ளி, முன்பணம் தனி.
அதை மட்டும் ரயிலில் மடியில் வைத்து வந்தேன்.
பக்கத்து இருக்கைக்காரர்
உள்ளே பூனையா என்று கேட்டார்.

ஜெர்மனியில் பிறந்த ஒலிவாங்கி.
என்னைவிடப் பதினொரு வயது மூத்தது.
அதன் வலைக்கம்பியில் யார் யாருடைய எச்சிலோ.
மற்ற மூன்றும் அதைப் பார்த்துச் செய்தவை:
அதே உருளை, அதே வலை,
பெயர்ப்பட்டை மட்டும் கொஞ்சம் கூச்சத்தோடு
வேறு எழுத்தில்.
ஒன்று இருநூற்று நாற்பது.
ஒன்று முந்நூற்றுத் தொண்ணூறு.
இன்னொன்று உதிரியாக வந்தது, நானே சேர்த்தேன்.
மின்தூக்கி பழுதுபார்க்கும் அதே கைகளால்
டிரான்சிஸ்டரைத் தலைகீழாகப் பற்றவைத்து,
ஒரு சனிக்கிழமையைத் தொலைத்து.

மெஹ்ருன்னிசா இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்தாள்,
காலில் மருத்துவமனைச் செருப்போடு.
அலமாரிக்குள் நிற்கவைத்தேன்,
என் சட்டைகளுக்கும் இரண்டு போர்வைகளுக்கும் நடுவே.
ஏர்கான் நிறுத்தம். விசிறி நிறுத்தம்.
பிரிட்ஜ்கூட நிறுத்தம்.
ஐஸ்கிரீம் உருகினால் நானே பொறுப்பு என்று
தமயந்தியிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

முதலில் 'பப்பாளிப் பழம்',
ப வெடிக்கிறதா பார்க்க.
அடுத்து 'சின்னச் சிவப்பு சைக்கிள்'.
மலிவான ஒலிவாங்கி ச-வில்தான் மாட்டிக்கொள்ளும்,
எண்ணெயில் கடுகு விழுந்த மாதிரி.
அப்புறம் 'மழை'.
நாக்கு மேலே மடிந்து
எதையும் தொடாமல் திரும்புகிற அந்த இடத்தை
எந்தத் தொழிற்சாலை சோதித்துப் பார்த்திருக்கும்?

பிறகு பாட்டு. நாலு முறை.
ஒவ்வொன்றிலும் ஒரு முறை.

எது எதுவென்று நானும் அறியாமலிருக்க
தமயந்தி கோப்புகளைக் கலைத்துப் பெயர் வைத்தாள்:
கத்தரி, வெண்டை, முருங்கை, பூசணி.
விடையைப் பிராட்டா சுற்றிவந்த காகிதத்தில் எழுதினாள்.
சாப்பிட்டாள். அதிலேயே கை துடைத்தாள்.
குப்பைக் குழாயில் போட்டாள்.
ஒன்பது மாடி.
அது கீழே போய்ச் சேர்ந்த சத்தம்
அன்றைய தினத்தின் மிகத் தெளிவான சத்தம்.

ஹெட்போனில் இருபது தடவை கேட்டேன்.
கத்தரி கொஞ்சம் மூக்கு.
பூசணி முழுக்கக் காற்று.
முருங்கை பரவாயில்லை, ஆனால் கண்ணாடி.
வெண்டையில்தான் நெஞ்சு இருக்கிறது என்றேன்.
வெண்டைதான் ஜெர்மனி,
பணம் பேசுது பார் என்றேன்.

சோபாவில் கண்ணை மூடியபடியே மெஹ்ரு சொன்னாள்:
"வெண்டைல பின்னாடி என்னமோ ஊதுது."

ஊதியது.
இரண்டாம் சரணத்துக்கு அவள் மூச்சு இழுக்கும் இடைவெளியில்,
மிகச் சன்னமாக,
பாம். பாம்.
காராங் குனிக்காரர்.
பழைய பேப்பர், பழைய துணி, பழைய ரேடியோ.
அவர் வந்தபோது நான் ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன்,
வாய்க்குள்ளேயே.
அந்த நேரத்தில் தாங்கியில் நின்றது
நான் சேர்த்தது.
தலைகீழ் டிரான்சிஸ்டர்.

தமயந்தி சிரித்த சிரிப்பை
நாலில் எதுவும் தாங்கியிருக்காது.

சந்தோஷப்படுவதா,
நூற்றுப் பத்து வெள்ளிக்கு அழுவதா என்று
நின்றுகொண்டிருந்தபோது தோன்றியது:
அது மூன்றாம் முறை அல்லவா.
அதற்குள் அவள் தொண்டை இளகியிருந்தது.
ஜெர்மனிக்குக் கிடைத்தது முதல் முறை,
வார்டில் ஒரு ராத்திரி முழுக்க
மெல்லப் பேசியே கட்டிப்போன குரல்.
நியாயமாகப் பார்த்தால் வரிசையை மாற்றி
இன்னொரு தடவை.

கேட்கத் திரும்பினேன்.
தூங்கிவிட்டாள்.
ஒரு செருப்பு கழன்று, ஒன்று காலிலேயே.

பிரிட்ஜைப் போட்டேன்.
இருமிவிட்டு உறுமத் தொடங்கியது.
ஐஸ்கிரீம் பாயசமாகியிருந்தது.
ஐந்து மணிக்குள் பாய லேபார் போகவேண்டும்,
பூனையைத் திருப்பிக் கொடுக்க.